சுகந்தமணியின் காலிக் கட்டம்

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் சுகந்தமணி என்ற பெயருக்கு அடுத்த கட்டம் வயதுக்கானது. அந்த அம்மாள் வயதைச் சொல்ல மறுத்துவிட்டதால் அது காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த கட்டத்தில் ‘ஓ நெகட்டிவ்’ நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“சும்மாதானே கெடக்குறே. கொஞ்சம் தள்ளிக்கிட்டா நான் காலை நீட்டிக்குவேன்” என்றது ஓ நெகட்டிவ்.

“நான் நகர்ந்தா நீ அவங்க வயசாயிடுவே” என்றது காலிக் கட்டம்.

அதோடு ஓ நெகட்டிவ் அதனிடம் பேசுவதையே விட்டுவிட்டது.

பட்டியலைப் புத்தகமாக்கும் நாள் வந்தது. பக்கம் அமைக்கும் மென்பொருளுக்குள் நுழைந்ததுமே கோடுகள் எல்லாம் காணாமல் போயின. தலைப்பின் நீல நிறம் போயிற்று. தடித்த எழுத்துகள் இளைத்துப் போயின. பிடிமானம் இல்லாமல் ஓ நெகட்டிவ் இடப்பக்கம் சரிந்தது. பின்னாலேயே போன் நம்பரும் சரிந்து வந்தது. இனி நம்மை யார் ரத்த வகை என்று நம்புவார்கள் என்று ஓ நெகட்டிவ் நடுங்கியபோது, எதன்மீதோ முட்டி நின்றது.

“யாரு?”

“நான்தான். இங்கதான் இருக்கேன்” என்றது காலிக் கட்டம்.

பக்கம் அமைப்பவர் மறுபடி கோடுகளைப் போட்டார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

ஒரு மாதம் கழித்து, பிரசவ வார்டில் யாரோ அந்தப் பக்கத்தைப் பார்த்து சுகந்தமணிக்குப் போன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளையின் அப்பா அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விரல் தன்மேல் வந்து நின்றபோது ஓ நெகட்டிவ் மெதுவாகச் சொன்னது:

“கொஞ்சம் தள்ளி, அங்கயும் தொடுங்க.”