ஐந்து நிமிடப் படம்

நகரியில் விசைத்தறி ஓட்டும் துளசிராமன், திருப்பதி ஸ்கேன் சென்டரில் ஐந்தே நிமிடத்தில் கருவியிலிருந்து வெளியே வந்தார்.

"அதுக்குள்ளயாம்மா? போன வாட்டி முக்கால் மணி நேரம் படுத்துகினு இருந்தேனே!"

"புது சாஃப்ட்வேர்ண்ணா. இதயத்துல ரத்தம் ஓடறத சீக்கிரமா புடிச்சிடுது," என்றாள் டெக்னீஷியன் தேவசேனா.

அவர் போனார். பதிவான அவருடைய ஒரே ஒரு இதயத் துடிப்பு கம்ப்யூட்டர் திரையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே அவர் நகரி பஸ்ஸைத் துரத்தினார். திரையில் ரத்தம் வேகமெடுத்தது. அவர் ஏறி உட்கார்ந்ததும் நிதானமானது.

ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை நிறுத்துவது வழக்கம். தேவசேனா சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, 'நிறுத்தக் கூடாது' என்று தெலுங்கில் எழுதினாள்.

"கரண்ட் போனா யூபிஎஸ் எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"இருபது நிமிஷம்மா."