ஈரல் கலர் ஷூ

பெட்டிக்குள் போகப்போகிற ஷூவுக்குச் சாயம் ஏற்ற வேண்டுமா என்று பெஞ்சமினுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த பாலிதீன் பையை உடம்பை விட்டு எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, தென்காசியில் ஆதம் பாயின் ஷூ கடைப் பலகையில் கவிழ்த்தான்.

பூஞ்சை விழுந்தது. அதற்குள் ஒரு ஜோடி ஷூ இருந்தது. வருஷா வருஷம் குற்றாலச் சாரல் வந்து வளர்த்துவிட்டுப் போன பூஞ்சை. வெள்ளையில் ஆரம்பித்துப் பச்சையாகி, சில இடங்களில் முடியே முளைத்திருந்தது. வலது ஷூவுக்குள் ஒரு பல்லி செத்து, காய்ந்து, மறுபடி நனைந்து கிடந்தது.

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, பெஞ்சமினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போயிற்று. பக்கத்துக் கடையில் புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே கை கழுவினார்.

"யாரு ஷூ தம்பி இது? தோண்டி எடுத்தீங்களோ?" என்றார் ஆதம் பாய், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே.

"எங்க மாமாவோடது பாய். கலியாணத்துக்குப் போட்டது. இனிமேத்தான் புதைக்கணும்."

மாமனார் ஞானதுரை இலத்தூரில் தனியாக இருந்தார். மாமியார் போய்ப் பல வருஷமாயிற்று. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியவர், சென்னையிலிருந்த மகளுக்குப் போன் போட்டார். "ஏட்டி ஜெனி, சனிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் வந்துருங்க. என் கோட்டத் தேய்க்கணும், ஷூவுக்குச் சாயம் ஏத்தணும்."

செத்தவருக்குக் கோட்டும் ஷூவும் மாட்டித்தான் பெட்டியில் வைப்பது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அப்பாவுக்கு நாள் தெரிந்துவிட்டது என்று ஜெனி ரயில் ஏறியதிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அழுகைக்கு நடுவிலேயே, அப்பாவின் கடைசி ஆசையில் ஒரு குறை வந்தாலும் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லியும் வைத்தாள்.

ஆதம் பாய் பல்லியைக் குறட்டால் எடுத்து வெளியே போட்டார். பூஞ்சையைச் சுரண்டி, பழைய பாலிஷைத் துடைத்து எடுத்தார். துடைத்த துணி ஒவ்வொன்றும் மீன் கழுவிய துணி போலப் பிசுபிசுத்தது. பிறகு கலர் க்ரீம் டப்பாக்களை வரிசையாகத் திறந்து வைக்க, பெஞ்சமின் மாமனாரை வீடியோ காலில் பிடித்தான்.

"டார்க் பிரவுன் போடுவமா மாமா?"

"சாணி மாதிரில்லா இருக்கு."

"டான்?"

"பச்சப்பிள்ளைக்கு வயித்தால போனா இப்படித்தான் இருக்கும்."

ஆதம் பாய் பர்கண்டி என்கிற கருஞ்சிவப்பைத் தொட்டு ஷூ நாக்கின் ஓரத்தில் தேய்த்துக் காட்டினார். ஞானதுரை போனுக்குள்ளேயே வந்துவிடுகிறவர் போல மூக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஆட்டு ஈரல் பாத்திருக்கீரா மாப்ள? இது வெந்த ஈரலு. எனக்குப் பச்ச ஈரல் கலரு வேணும். வெட்டுன ஒடன, ரத்தத்தோட மினுங்கும்லா, அது."

பெஞ்சமின் காலையில் தின்றது ஈரல் வறுவல். அது ஒரு தடவை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆதம் பாய் சளைக்காமல் பர்கண்டியில் கொஞ்சம் சிவப்பைக் குழைத்தார். "இது தேவல," என்றார் ஞானதுரை. "மடங்குத எடத்துல வெடிக்குமான்னு கேளும்."

"வெறும் க்ரீம அப்புனா வெடிக்கும் அண்ணாச்சி. மொதல்ல சாயத்த ஊறவிட்டு, மேல லேசா க்ரீம ஏத்துனா வெடிக்காது."

"அப்ப அப்படியே செய்யும். அடிக்கும் சாயம் ஏத்திரும். பழைய தோலு ஒரு பொட்டுகூடத் தெரியப்பிடாது."

போனை வைத்ததும் ஆதம் பாய் சிரித்தார். "மண்ணுல பட்டுத் தேயுற அடிக்கு எவனாவது கலர் பாப்பானா தம்பி?"

"இவரு எங்கன பாய் மண்ணுல நடக்கப்போறாரு? பெட்டிய நடுவீட்டுல வைப்பாங்கல்லா. பாக்க வாரவன் கால்மாட்டுல நின்னுதான பாப்பான். அவனுக்கு அடிதான் தெரியும்."

சொல்லி முடித்ததும் பெஞ்சமினுக்குத் தன் வாயே நாறுவது போலிருந்தது. செத்த பிறகும் ஸ்டைல் பார்க்கிற கிழவரை நினைத்தால் அதைவிட நாறியது.

மறுநாள் சாயங்காலம் ஷூ வீட்டுக்கு வந்தது. நாற்றத்துக்காக ஆதம் பாய் மல்லிகை சென்ட் அடித்திருந்தார். செத்த பல்லிக்கு யாரோ பூ வைத்துவிட்ட மாதிரி ஒரு வாசனை.

ஞானதுரை கட்டிலில் சாய்ந்தபடி ஷூவை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்தார். அடியை விரலால் தடவினார். விரலை நக்கிப் பார்த்தார். பெஞ்சமின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒட்டல. ஜோரு."

ஜெனியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஏம்ப்பா இப்படிப் பண்ணுதீங்க? பெட்டி, கோட்டு, ஷூன்னு... எனக்கு நெஞ்சே வெடிச்சிரும் போலிருக்கு."

"எந்தப் பெட்டிட்டி?"

மனைவி அழுகிறாளே என்றுகூடப் பாராமல் பெஞ்சமின் பொறுமை இழந்தான். "உங்கள வைக்கப்போற பெட்டிதான் மாமா. வாரவன் பாக்கணும்னுதான அடிக்கெல்லாம் சாயம் ஏத்தச் சொன்னீங்க."

ஞானதுரை ஷூவைக் கீழே வைத்தார். மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். பூஞ்சை பிடித்த எதையோ மிதித்துவிட்டவர் போல முகம் சுளித்தார்.

"சீ... சனிக்கிழம கோயில்ல நான் தாலி கட்டிட்டுப் பொண்ணோட முட்டங்கால் போடும்போது, பின்னால இருக்க சனம் பூரா ஷூ அடியத்தான மாப்ள பாக்கும்."