முன்சக்கரம் இரண்டும் சும்மா நிற்கின்றன

காரை ஆசீர்வதித்துப் பாதிரியார் தெளித்த தீர்த்தம் பானெட்டில் இன்னும் உறையவில்லை. போலந்து மலைக்கிராமத்துக் கோயில் ஏற்றத்தில், பூசை முடிந்த கூட்டம் பார்த்திருக்க, லெஷெக் வாங்கிவந்த பழைய ஜெர்மன் டீசல் கார் கரும்புகை கக்கி உறுமுகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் என்று அவன் ஊரெல்லாம் பீற்றிய வண்டி. பின்சக்கரங்கள் பனியை வாரி இறைக்கின்றன. முன்சக்கரங்கள் கல்யாண விருந்தாளிபோல் வேடிக்கை பார்க்கின்றன. மச்சான் ஸெனோன் குனிந்து அடியில் பார்க்கிறான். “மச்சான், முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டையே கழட்டிட்டு வித்திருக்கானுங்க.” லெஷெக் ஸ்டியரிங்கைக் குத்துகிறான். “இதை வச்சிருந்த ஜெர்மன் டாக்டர் பிரியமுடியாம அழுதார்னு சொன்னானேடா, வித்த படுபாவி!” “அழுதிருப்பார். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ல தண்ணி வந்திருக்கும்.” லெஷெக் கதவை அறைந்து இறங்குகிறான். “என்னத்தைப் பாக்கிறீங்க? தள்ளுங்கடா!” ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை.