மேல்வீட்டுச் சத்தம்

'களக்... களக்... ஹோ!'

மேல்வீட்டில் மறுபடியும் யாரோ கழிப்பறைத் தொட்டியை இழுத்துவிட்டார்கள்.

ராவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் குழந்தை ஜனா. எதிரே சோப்பு நுரையோடு ஒரு வாளித் துணி. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று.

எகிப்தின் செங்கடல் கரையில் இருக்கும் குசைர் ஊரில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு முறைதான். அதைப் பிடித்து வைக்க மொட்டைமாடியில் ஒரே ஒரு தொட்டி. அதை நம்பித்தான் கட்டடத்தின் மூன்று வீடும்.

"கேட்டியா சபாஹ் அக்கா?" படிக்கட்டில் நின்று கீழ்வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "அது மனுஷன் வயிறா, வேற எதாவதா? காலையிலேருந்து ஓயவே இல்லையே!"

"கடல்ல முங்கற வேலை போச்சு, வீட்டுலயே கிடக்கான். பொழுது போக வேணாமா? தண்ணியை இழுத்து விளையாடறான்!" கீழேயிருந்து சிரிப்பு வந்தது.

ராவியா விறுவிறுவென்று மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

ஷவ்கி திறந்தார். வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தவர்; அதனால் எல்லாருக்கும் 'கேப்டன்'. காதுச் சவ்வு கிழிந்ததில் இனிமேல் கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது சட்டைக் கை இரண்டும் ஈரம்.

"என்ன கேப்டன் இது? பச்சப்புள்ளைக்குக் கால் கழுவத் தண்ணியில்ல. நீங்க நிமிஷத்துக்கொரு தரம் இழுத்து விடறீங்க! நைல் நதியை உங்க வீட்டுக்குத் திருப்பி விட்டிருக்காங்களா?"

"அது வந்தும்மா... உள்ள வந்து ஒரு தரம் பாருங்களேன்..."

"கழிப்பறையைப் பார்க்க விருந்துக்குக் கூப்பிடறீங்களா?"

அவர் காதைத் தடவிக்கொண்டார். "மொட்டைமாடித் தொட்டி இவ்வளவு சீக்கிரம் காலியாகக் கூடாதே. சாயங்காலம் மூணு வீட்டுலயும் குழாயைப் பார்த்துடறேன்."

"எங்க வீட்டுல ஒரு சொட்டு சிந்தாது. தாராளமா வந்து பாருங்க!"

சொன்னபடியே ஸ்பேனரோடு வந்தார். ராவியா அடுப்படியில் கீரை அரிந்துகொண்டிருந்தாள். அவர் குளியலறைக்குள் போனார், வெளியே வந்தார், மாடிக்குப் போனார், எதையோ கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன, எதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா முடுக்கி விட்டேன்." ஜனாவின் மூக்கைச் செல்லமாகக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அன்றோடு மேல்வீட்டுச் சத்தம் நின்றது. தொட்டித் தண்ணீரும் அடுத்த முறை வரைக்கும் தாராளமாக வந்தது.

"பார்த்தியா சபாஹ் அக்கா? ஒரே ஒரு அதட்டல்தான். மேல்வீட்டு வயிறு சரியாயிடுச்சு!"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பாவம், கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டோம். ரவையில் சர்க்கரைப் பாகு ஊற்றி பஸ்பூசா செய்தாள். ஜெயித்தவள் இனிப்புக் கொடுப்பதுதானே முறை! தட்டோடு மாடியேறினாள்.

ஷவ்கியின் மனைவி நஜாத் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்த ராவியா அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே விரல் விரலாக ஊதாவும் மஞ்சளுமாகப் பவளங்கள். அடியில் கிடந்த கற்களின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு பூச்சு. மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு நீலப் பீப்பாய். பக்கத்தில் முக்காலி மேல் ஏறி நின்று ஷவ்கி தொட்டித் தண்ணீரை வாளியால் மொண்டு மொண்டு அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வியர்வை.

"எல்லாம் கடல் தண்ணிதான்மா. கேன்ல சுமந்து வர்றார்" என்றாள் நஜாத். "நங்கூரம் பட்டு ஒடிஞ்ச பவளம். இவரால கடலுக்குப் போக முடியல. கடலை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார்."

"அப்ப... அந்த 'ஹோ'?"

"அலைம்மா! மோட்டார்ல பீப்பாய் நிறைஞ்சதும் அடியில மாட்டியிருக்கற கழிப்பறைத் தொட்டி மூடி தானாத் தூக்கிக்கும். மொத்தத் தண்ணியும் ஒரே பாய்ச்சலா இறங்கும். அலை அடிக்கலேன்னா இதுங்க மூச்சு முட்டிச் செத்துப்போகும்."

"இப்ப ஏன் கையால ஊத்தறார்?"

"யார் வீட்டுலயோ கழிப்பறைத் தொட்டியோட ரப்பர் மூடி நைஞ்சு, சத்தமே இல்லாம ராப்பகலா ஒழுகிட்டிருந்துச்சாம். கடையில மூடி இல்ல, கினா டவுன்லேருந்து வரணுமாம். இந்தப் பீப்பாய்லேருந்து கழட்டிக் கொண்டுபோய் மாட்டிட்டார். புதுசு வர்ற வரைக்கும் நானும் அவரும் மாத்தி மாத்தி அலை அடிக்கறோம்."

"யார் வீடு அக்கா?"

"சொல்ல மாட்டேங்கறாரே! 'சொன்னா என்னை ஏசின மாதிரி அவங்களையும் நிக்க வெச்சு ஏசுவாங்க, விடு'ங்கறார்."

ஷவ்கி திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு வாளி ஊற்றினார்.

தட்டை நஜாத்தின் கையில் திணித்துவிட்டு ராவியா கீழே ஓடினாள். குளியலறைக்குள் போய்த் தொட்டியின் மேல்மூடியைத் தூக்கினாள்.

அடியில் ரப்பர் மூடி. அதன் விளிம்பைச் சுற்றி அதே ரோஜா நிறப் பூச்சு.

அங்கிருந்த துணி வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஜனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வாளியோடு படியேறினாள். பாதிப் படியில் நின்று கீழே பார்த்துக் கத்தினாள்:

"சபாஹ் அக்கா! கெட்டுக்கிடந்த வயிறு மேல்வீட்டுல இல்ல, என் வீட்டுல!"

மேலே போய் ஜனாவை நஜாத்திடம் கொடுத்தாள்.

"இறங்குங்க கேப்டன். அடுத்த அலை நான் ஊத்தறேன்."