ஜோடி இல்லாத கோடு

தம்பி செத்துப்போன செய்தி வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எரிகல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தரையில் இல்லை, கம்ப்யூட்டரில். மொட்டை மாடியில் ஒரு கேமரா வைத்திருந்தார். ராத்திரி முழுக்க அது வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எரிகல் விழுந்தால் வெள்ளையாக ஒரு கோடு பதிவாகும். கடைக்குக் கிளம்புமுன் உட்கார்ந்து விமானம், வௌவால், விட்டில் பூச்சி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நிஜ எரிகல்லை மட்டும் குழுவுக்கு அனுப்புவார். அவரைப் போலவே ஊருக்கு ஒருத்தர் வீட்டில் கேமரா வைத்திருக்கிற குழு அது. அங்கே யாருக்கும் பேர் கிடையாது, கேமராவுக்கு எண்தான்.

மனைவி ஃபோனைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்க தம்பி... தூக்கத்துலயே போயிட்டாராம். எந்திரிங்க, கிளம்பலாம்."

"யாரு தம்பி?"

"ஐயோ, இன்னைக்குமா இந்தப் பேச்சு?"

"அவனை நான் என்னைக்கோ தலைமுழுகிட்டேன். நீ வேணும்னா போயிட்டு வா."

அப்பா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தபோது, எத்தனை தடவை ஃபோன் போட்டும் எடுக்காதவன் தம்பி. எல்லாம் முடிந்த பிறகு வந்து வாசலில் நின்று அழுதான். அன்றைக்குக் கதவைச் சாத்தியவர்தான், அப்புறம் திறக்கவே இல்லை. சமாதானம் பேச வந்த சொந்தக்காரர்களையும் வந்த வழியே விரட்டிவிட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

"செத்தவர்கிட்ட என்னங்க கோபம்? ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"எங்கப்பா முகத்தைப் பார்க்க அவன் வந்தானா?"

அவள் தனியாகத்தான் போனாள்.

திரும்பி வந்தவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். போகட்டும், எனக்கு என் கேமரா போதும் என்று அவரும் முறுக்கிக்கொண்டார்.

அந்தக் கேமராவும் காலை வாரிவிட்டது.

அனுப்புகிற ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே 'ஜோடி இல்லை' என்று வந்தது. ஒரு எரிகல்லை ஒரே கேமரா பார்த்தால் கணக்கில் சேராது. வேறு ஊரில் இருந்து இன்னொரு கேமராவும் அதையே பார்த்திருந்தால்தான், எவ்வளவு உயரத்தில் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் குப்பைதான்.

ஆரம்பத்திலும் அவருக்கு இப்படித்தான் இருந்தது. அவர் ஊர் ஒரு மூலை. அந்தப் பக்கத்து வானத்தை வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய்க் கேமராவைக் கழட்டிவிடலாம் என்றிருந்த சமயத்தில், திடீரென்று எல்லாம் ஜோடி சேர ஆரம்பித்தது. "லென்ஸை நான் திருப்பின திருப்பு அப்படி! கண்ணாடிக் கடைக்காரன்னா சும்மாவா?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

இப்போது எப்படித் திருப்பியும் பலிக்கவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் அதுவும் இல்லை இல்லை என்கிறது. இனிமேல் எதற்காகக் காலையில் எழுந்திருப்பது என்றே தோன்றிவிட்டது அவருக்கு. பொறுக்க முடியாமல், குழுவை நடத்துகிற டீச்சருக்கு ஃபோன் போட்டார்.

"என்ன டீச்சர் நடக்குது? என்னோடது ஒண்ணுகூடக் கணக்குல சேரலையே!"

டீச்சர் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"உங்களுக்கு ஜோடியா இருந்த கேமரா நின்னுபோச்சு சார்."

"நின்னுபோச்சுன்னா ஓட வைக்கச் சொல்லுங்க! எந்தச் சோம்பேறி அது? ஒரு பொறுப்பு வேண்டாம்?"

"அப்படிச் சொல்லாதீங்க சார். குழுவிலேயே அதிகமா எரிகல் பிடிச்சவர் அவர். வீட்டுக்குப் பின்னால மலை, கும்மிருட்டு. கேமராவை அந்தப் பக்கம்தான் வெச்சிருந்தார். உங்களுக்கு ஜோடியே இல்லை, நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்க போலிருக்குன்னு பேச்சுவாக்குல ஒரு நாள் சொன்னேன். மறுநாளே உங்க ஊர்ப் பக்கம் திருப்பிட்டார். இந்தப் பக்கம் ஒரே விளக்கு வெளிச்சம், பாதிக்குப் பாதி தெரியாது. எண்ணிக்கையில முதல்ல இருந்தவர் கடைசிக்கு வந்துட்டார். உங்களுக்கு ஏன் இந்த வேலைன்னு கேட்டா, 'அங்க ஒருத்தர் தனியா பார்த்துட்டு இருக்காரே'ன்னு சிரிப்பார்."

கடைக்காரருக்குச் சோம்பேறி என்று சொன்னதை நினைக்கக் கூசியது.

"எனக்காகவா டீச்சர்? எனக்குன்னு இப்படிச் செய்ய யார் இருக்கா? அவர் நம்பரைக் கொடுங்க. வேண்டாம், வீடு எங்கன்னு சொல்லுங்க. நேர்லயே போய்க் கையைப் பிடிச்சுக்கறேன்."

"சார்..."

"சொல்லுங்க டீச்சர். எவ்வளவு தூரமா இருந்தாலும் போறேன்."

"அவர் வீட்டுக்குப் போன வாரம் குழுவே போயிருந்தோம் சார். உங்க வீட்டம்மாகூட அங்கதான் அழுதுட்டு இருந்தாங்க. உங்களைத்தான் காணோம்."

"டீச்சர்... என் தம்பியா?"

டீச்சர் அழுதபடியே சொன்னாள்.

"நான் எத்தனையோ தடவை உங்ககிட்ட சொல்லிடலாம்னு பார்த்தேன் சார். அவர்தான் விடவே இல்லை. 'என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், நான்னு தெரிஞ்சா அண்ணன் கேமராவையே கழட்டி எறிஞ்சிடுவார்'னு சத்தியம் வாங்கியிருந்தார்."