‘தாக’ போடும் இடம்

‘மனைவியை அடித்தார்.’

அவளுடைய சிவப்புப் பேனா அந்த வரியில் நின்றது.

செய்தியில் அகப்பட்டிருப்பவர் ஊரறிந்த பட்டிமன்ற நடுவர். பொங்கல் தவறாமல் தொலைக்காட்சியில் வந்து தீர்ப்புச் சொல்பவர். இல்லற இன்பத்துக்குக் காரணம் கணவனா மனைவியா என்று அவர் கேட்டபோது அவளும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எரிச்சலாக வந்தது. அதற்காக வரியை அப்படியே விட முடியுமா?

‘அடித்தார்’ என்பதை அடித்துவிட்டு ‘அடித்ததாகப் புகார்’ என்று திருத்தினாள்.

நாளிதழில் மெய்ப்பு பார்க்க வந்து இருபது வருடம். எத்தனை பெண்களின் புகாருக்கு இந்தத் ‘தாக’வைப் போட்டிருப்பாளோ.

செய்தி எழுதிய இளஞ்சேரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே காயம் என்று இருக்கிறதே என்றான்.

“காயம் இருக்குன்னுதான் சீட்டு சொல்லுது தம்பி. யாரால வந்துச்சுன்னு சொல்லலையே.”

சரியாகத்தான் சொன்னாள்.

அவள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு சீட்டு கிடக்கிறது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. படியில் தவறி விழுந்தார். டாக்டர் கேட்டதற்கு அவளே சொன்னது. அப்போது கணவன் பக்கத்தில்தான் நின்றான், அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

அவர்கள் வீட்டில் படியே கிடையாது.

அதை வைத்து நடுவரைத் தீர்மானிக்கக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அவள் வீடு வேறு, அவர் வீடு வேறு. அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். அவளுக்கு என்ன தெரியும்?

நாலு மணிக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். கடைசிப் பத்தியில் நடுவர் தரப்பு விளக்கம் இருந்தது.

‘மனைவி மாடிப்படியில் தவறி விழுந்தார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதே நடுவர்தான்.’

எழுத்துப் பிழை இல்லை. சந்தி சரி. ஓரத்தில் கையெழுத்துப் போடப் போனாள்.

போடவில்லை.

இருபது வருடமாக இந்த மாதிரி விளக்கப் பத்தியில் அவள் பேனா வைத்ததே இல்லை. வைக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

‘விழுந்தார்’ என்பதை அடித்தாள்.

மேலே, நிதானமாக எழுதினாள்.

‘விழுந்ததாக நடுவர் கூறுகிறார்.’