பாதியில் நின்ற வெளிச்சம்

ஒன்டாரியோவின் அந்தப் பழைய கல் கட்டடத்தில் வெளிச்சத்தை வைத்துக் கண்காட்சி நடத்த, கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் அழைத்திருந்தார்கள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் லேசர், லேசர் என்றே பேசியதில் தேர்வுக்குழுத் தலைவி ஹாரியட்டுக்குத் தலையே வலித்தது.

கடைசியாக லோர்ன் என்பவர் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"உங்க திட்டம் என்ன?"

"கிழக்குச் சுவர்ல ஒரு ஓட்டை, மேடம். காலையில சூரியன் அது வழியா நேரா கட்டில் மேல வந்து விழும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹாரியட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா, என்ன எளிமை! இதுக்குன்னு ஏதாவது ஆய்வு செஞ்சீங்களா?"

"பல வருஷம் இங்கேயே தங்கித்தான் மேடம் செஞ்சேன். சாப்பாடு, துணிமணி எல்லாம் அரசாங்கச் செலவு."

"பாத்தியா க்ளென்?" பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் ஹாரியட் பொருமினார். "நாம கேட்டா ஒரு மாசத்துக்குக்கூட உதவித்தொகை தர மாட்டேங்கிறாங்க!"

"பாதிச் சுவர் தோண்டியாச்சு," என்றார் லோர்ன். "மிச்சத்தையும் முடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"என்ன கருவி வேணும்?"

"ஒரு ஸ்பூன் போதும்."

"ஸ்பூனா!" க்ளென் உருகியே போய்விட்டார். "இவ்வளவு ஈடுபாடு இருக்கு, அப்புறம் ஏன் சார் பாதியில விட்டீங்க?"

லோர்ன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானா விட்டேன்? நன்னடத்தைன்னு சொல்லி, தண்டனை முடியறதுக்கு முன்னாடியே என்னை இந்த ஜெயில்லேர்ந்து விடுதலை பண்ணிட்டாங்களே சார்!"